‘பாக்கலாம்’ என்ற விடை

என் வீட்டுக்காரருக்கு மொழித்தேர்வு நடத்தும் அலுவலகத்தில் வேலை. கேள்வி எழுதுவதும் அவரில்லை, விடை திருத்துவதும் அவரில்லை. எல்லோரும் எழுதி முடித்த பிறகு அந்தக் கேள்விகளுக்கே பரீட்சை வைக்கிற ஆள். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘திட்டப்பிழை’. ஏதோ புள்ளியியல் சொல்லாம். வீட்டுக்கும் பொருந்துகிறது. திட்டு என்னுடையது, பிழை அவருடையது.

முடியாது என்று ஒருவரிடமும் சொல்ல அவருக்கு நா எழாது. பரணைச் சுத்தம் செய்யச் சொன்னாலும் சரி, என் அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டாலும் சரி, “பாக்கலாம்” என்பார். அதன் அர்த்தம் கல்யாணமான முதல் வருஷமே எனக்குப் புரிந்துவிட்டது.

என் தம்பி மனைவி வேறு மொழிக்காரி. எங்களோடுதான் இருக்கிறாள். இவர் அலுவலகம் நடத்தும் தமிழ்த் தேர்வில் தேறிவிட்டால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. மாடிப்படியில் உட்கார்ந்து பாடத்தை உருப்போட்டாள். தேர்வும் எழுதினாள். தற்காலிக முடிவில் சரியாக எல்லைக்கோட்டில் நின்று தேறியும்விட்டாள். என் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். சாப்பிடும்போது என்னிடமும் அவளிடமும் விஷயத்தைச் சொன்னார்.

“கேட்டல் பகுதியில ஒரு கேள்வி. வாடகையைக் கொஞ்சம் குறைங்கன்னு ஒருத்தர் கேக்கறார். ஓனர் ‘பாக்கலாம்’ங்கறார். குறைப்பாரா, மாட்டாரா? குறைப்பார்னு விடை வெச்சிருக்காங்க.”

எழுதியவர்களின் திறனையும் கேள்விகளின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு வரைவாராம். திறன் கூடக்கூடக் கோடு மேலே ஏற வேண்டும். இந்தக் கேள்விக்கு மட்டும் கீழே இறங்கியிருக்கிறது. தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள் ‘மாட்டார்’ என்று போட்டு மார்க்கை இழந்திருக்கிறார்கள். தட்டுத்தடுமாறுகிறவர்கள் வாங்கியிருக்கிறார்கள்.

“நீ என்னம்மா போட்ட?”

“குறைப்பார்,” என்றாள் அவள். “பார்க்கிறேன் என்றுதானே அவர் சொன்னார்?”

விடையை மாற்றினால் அவளுக்கு ஒரு மார்க் போகும். அதோடு வேலையும் போகும். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஒரே ஒரு கேள்வி. கண்டும் காணாம விட்டா குடி முழுகிடுமா?”

“அந்த ஒண்ணால தோத்துப்போனவங்களும் இருக்காங்களே.”

“இருக்கட்டும். இவ நம்ம வீட்டுப் பொண்ணு. விட்டுடுங்க.”

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“பாக்கலாம்,” என்றார்.

நான் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவளுக்கோ முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

“ரொம்ப நன்றி அண்ணா!”

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பாவம், அந்த மனுஷன் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்ததை அன்றுதான் பார்த்தேன்.

“இல்லம்மா,” என்றார். “முடியாது.”

அந்தத் தமிழ் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.