காணாமல் போன 'வேண்டாம்'

போன ஆண்டு, வெயில் ஏறத் தொடங்கிய சமயம். அயனம்பாக்கம் ஏரியை ஒட்டியிருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது. தவறு செய்தவன் நான் என்பதால் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

வேலையில் இருந்த காலமெல்லாம் பெரிய கணினிகளுக்கு நிரல் எழுதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, குடியிருப்புச் சங்கத்துக்கு ஓர் ஆப் செய்து தருகிறேன் என்று நானே முன்வந்தேன். தண்ணீர் லாரி எப்போது வரும், லிஃப்ட் எப்போது நிற்கும் என்று எல்லோர் போனுக்கும் அறிவிப்பு போக வேண்டும். அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' என்னைப் படுத்திய பாடு! ஒரே பொத்தானை இரண்டு வகை போனுக்கும் பிரவுசருக்கும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும். ஒன்றில் ஒழுங்காக நிற்பது மற்றதில் திரையை விட்டு வெளியே தொங்கும். எங்கோ யாரோ எழுதி, நாம் எடுத்தாளும் 'லைப்ரரி' என்னும் நிரல் தொகுப்பைப் புதுப்பித்தால், நேற்று ஓடியது இன்று ஓடாது. ஏன் என்று தேடினால், "அந்த முறை பழையது, புது முறைக்கு மாறுங்கள்" என்று பதில் வரும். மாறி முடிப்பதற்குள் புது முறையும் பழையதாகியிருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் இதே புலம்பல். "புடிக்கலைன்னா விட்டுத் தொலைங்களேன். சாம்பார் என்ன பாவம் பண்ணிச்சு?" என்பாள் மனைவி.

விடவில்லை. ஒருவழியாக ஓட வைத்தேன். அதில் எனக்கு இன்றும் பெருமைதான். கூடவே ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. எது பழுதானாலும் பழியைத் தூக்கிக் கருவிகள் மேல் போட்டுவிடுவேன்.

நான்காவது மாடியில் ஒரு பாய் இருக்கிறார். பூந்தமல்லியில் துணிக்கடை வைத்திருப்பவர். ஒருநாள் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்க ஆப்பு எங்களுக்கே ஆப்பு வெச்சிடும் போல கீது. மெசேஜு வருது, ஆனா கடசீல..."

"போன் பழசு பாய். அப்டேட் பண்ணுங்க, இல்லைன்னா மாத்திடுங்க."

"போன வருசம்தான் சார் வாங்குனேன். நான் இன்னா சொல்றேன்னா..."

இரண்டாவது மாடி வந்தது. என் வீடு. இறங்கிவிட்டேன்.

சில வாரம் கழித்துக் குடியிருப்பின் நீர்த்தொட்டியைக் கழுவி, ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினார்கள். அறிவிப்பை நான்தான் தட்டினேன்: "தொட்டி கழுவியாயிற்று. மாலைவரை குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்."

அன்று பார்த்து பாய் வீட்டுக்குக் கேன் தண்ணீர் வரவில்லை. குழந்தையோடு வந்து தங்கியிருந்த அவர் மகள், என்ன செய்வது என்று கடைக்குப் போன் செய்திருக்கிறாள். வியாபாரத்துக்கு நடுவில் இருந்த பாய், திரையில் நின்ற அறிவிப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தொட்டி கழுவிட்டாங்களாம்மா, குழா தண்ணியே குடிக்கலாமாம்" என்று சொல்லிவிட்டார்.

பிற்பகலில் மாடிப்படியில் அழுகைச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த அந்தப் பேரன், வாந்தியெடுத்துத் தாயின் தோளில் துவண்டு கிடந்தான். இருவரையும் என் காரில் ஏற்றி அம்பத்தூரில் ஒரு மருத்துவமனைக்கு ஓட்டினேன். பாய் கடையிலிருந்து நேராக அங்கே வந்து சேர்ந்தார். குழந்தை என்ன குடித்தான் என்று டாக்டர் கேட்டபோதுதான் மகள் தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். "மருந்து வாசன வந்துச்சு டாக்டர். தொட்டி கழுவுனாங்களே, அதான்னு நெனச்சேன்."

பாய் தன் போனை என்னிடம் நீட்டினார். "தொட்டி கழுவியாயிற்று. மாலைவரை குழாய்த் தண்ணீரைக் குடிக்க..." அதற்கு மேல் புள்ளிகள்தான். 'வேண்டாம்' என்பதைக் காணோம்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. குழந்தை உள்ளே கிடக்கும்போது என் வாயில் வந்தது இதுதான்: "போன்ல ஏதாவது அப்டேட் வந்திருக்கும் பாய், அதான்..."

"இன்னா சார் அப்டேட்டு? என் பேரன் உள்ள கீறான்" என்றார் பாய். "இத்தத்தான் அன்னிக்கு லிஃப்டுல சொல்ல வந்தேன், கடசி வார்த்தைய முழுங்குதுன்னு. நீங்க பாட்டுக்குப் போய்க்கினே இருந்தீங்க."

இருட்டுவதற்குள் குழந்தை பிஸ்கட் கேட்டான். இனிப் பயமில்லை என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து நிரலைத் திறந்தேன். எந்தக் கருவியும் எதையும் விழுங்கியிருக்கவில்லை. போன் திரையில் அறிவிப்பு பார்க்க அழகாக நிற்க வேண்டும், நீண்டால் வெட்டு என்று நானே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். ஆப்பைத் திறந்து படித்த மற்றவர்களுக்கு மட்டும் முழுதும் தெரிந்திருக்கிறது. சோதித்துப் பார்த்தது ஆங்கில வாக்கியங்களை வைத்து. ஆங்கிலத்தில் 'டோன்ட்' வாசலிலேயே நின்று தடுத்துவிடும். வாலை வெட்டினாலும் பொருள் பிழைத்துக்கொள்ளும். தமிழில் 'கூடாது', 'இல்லை', 'வேண்டாம்' எல்லாம் கடைசியில்தான் வந்து சேரும். பிறந்ததிலிருந்து பேசும் மொழி, எனக்கு இது உறைக்கவே இல்லை.

மறுநாள் பாய் வீட்டுக்குப் போனேன். "தப்பு உங்க போன்ல இல்ல பாய். நான் எழுதினதுல."

போனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அப்ப நம்ம போன் நல்ல போனுதான்?"

"நல்ல போன்தான்."

"இத்த சங்கத்து மீட்டிங்குல சொல்லுவீங்களா சார்?"

சொன்னேன். எல்லோர் முன்னாலும் நின்று, லிஃப்டில் இறங்கிப் போனது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

வெட்டும் வரியை எடுத்துவிட்டேன். போதாதென்று, எச்சரிக்கைகள் எல்லாம் இப்போது 'வேண்டாம்' என்றே தொடங்குகின்றன. "இன்னா சார், பஜ்ஜி துன்றதுக்கு முன்னாடியே வேணாம்ன்ற மாப்ள மாதிரி கீது உங்க மெசேஜு?" என்று பாய் கிண்டல் செய்கிறார்.

கருவிகள் இன்னமும் படுத்துகின்றன, நானும் இன்னமும் திட்டுகிறேன். ஆனால் யாராவது குறை சொல்ல வந்தால், அவர் கடைசிச் சொல்லைச் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை. பாதியில் வெட்டும் அந்த வரி, நிரலில் ஏறுவதற்கு வெகு காலம் முன்பே என்னிடம் இருந்திருக்கிறது.