விருந்தாளி நெட்டில் மருமகள்

என் வீட்டுக்காரருக்கு அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் வைத்த பெயர் 'பூட்டு'. அங்கே அவர் ஸ்டோர்கீப்பர். முதலாளியின் மகனே வந்தாலும் கவுண்டருக்கு வெளியே நின்றுதான் ஒரு திருகாணி வாங்க முடியும். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும், பூட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் மனிதர் தவித்துப்போனார். சமையலறைப் பக்கம் ஒருதரம் கண்ணை ஓட்டினார். நான் கரண்டியோடு திரும்பியதும் நழுவிவிட்டார்.

கடைசியில் மாட்டியது வைஃபை. வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுக்கிற கையோடு பாஸ்வேர்டையும் கொடுப்பது என் வழக்கம். ஒருநாள் மேல்வீட்டுக்காரரின் ஃபோனிலிருந்து எங்கள் டிவியில் குத்துச்சண்டை ஓட ஆரம்பித்தது. செய்தி பார்த்துக்கொண்டிருந்த இவருக்கு வந்ததே கோபம்! கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ரவுட்டரோடு மல்லுக்கட்டினார். எழுந்தபோது வீட்டில் இரண்டு வைஃபை இருந்தன. ஒன்று 'வீடு', இன்னொன்று 'விருந்தாளி'. விருந்தாளிக்கு நெட் வரும்; எங்கள் டிவி, பிரிண்டர் எதுவும் கண்ணில் படாது.

அதோடு விட்டாரா? 'வீடு' மட்டும் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மணி நேரம் தானாக நின்றுவிடும்படி செய்தார். அது சாப்பாட்டு நேரம். அவருக்கு எட்டு என்றால் எட்டுதான். கொஞ்சம் தாமதித்தாலும் வயிறு சத்தம் போடும். அதைவிடச் சத்தமாக அவர் போடுவார். மகன் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவான். எனக்கு அது பிடித்திருந்தது. சொன்னால் மனிதரைப் பிடிக்க முடியாது என்று வாயைத் திறக்கவில்லை.

மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்தாள். அவள் ஃபோனை இவரே கேட்டு வாங்கி நெட்டில் இணைத்துக் கொடுத்தார்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் காலை, இன்டர்வியூவுக்குக் கிளம்பியவள் சான்றிதழைப் பிரிண்ட் எடுக்கப் பார்த்தாள். அவள் ஃபோனில் பிரிண்டர் தெரியவே இல்லை. என் ஃபோனுக்கு அனுப்பச் சொல்லி எடுத்துக் கொடுத்தேன். காகிதத்தை வாங்கிக்கொண்டவள் தன் ஃபோனை என்னிடம் நீட்டினாள். அதில் 'விருந்தாளி' என்றிருந்தது.

"இவ்வளவு நாளாச்சு அத்தை. மாமாவுக்கு நான் இன்னும் வெளியாள்தானா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. பதிலுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டாள்.

வாசல் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, உங்களுக்கு மூளை இருக்கா? வீட்டுக்கு வந்த பொண்ண கவுண்டருக்கு வெளியவே நிக்க வச்சிருக்கீங்களே!"

திருதிருவென்று விழித்தார். "அவங்க அம்மா எட்டு மணிக்கு மேலதானே கூப்பிடறாங்க? 'வீடு'ல போட்டா கட் ஆயிடும்ல?"

அவள் அம்மா எங்கோ தொலைவில் நர்ஸ். இரவு டியூட்டிக்குப் போகுமுன் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில்தான் மகள் முகத்தைப் பார்ப்பார். எங்கள் வீட்டுக்குள் ஃபோன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. வைஃபையை விட்டால் கதியில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போக இவர் அனுமதித்த ஒரே ஆள் அவள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இத அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது!

சாயங்காலம் அவள் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, என்னையும் 'வீடு'லயே போடுங்க. அம்மாகிட்ட வேற நேரத்துல பேசிக்கறேன்."

"அவங்களுக்கு வேற நேரம் ஏதும்மா?" என்றவர் ஃபோனை வாங்கி மாற்றிக் கொடுத்துவிட்டு, மறுபடி ரவுட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

எட்டு மணிக்குத் தட்டு வைக்கப் போனேன். "ஒம்பதுக்கு வை. இனிமே அதான் நேரம்" என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

அன்றைக்கு அழைப்பு வந்தபோது மருமகள் அறைக்குள் போகவில்லை. எங்கள் டிவியிலேயே போட்டாள். அவள் அம்மாவின் முகம் டிவி முழுக்கச் சிரித்தது. இவர் வயிறு போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"சாப்பிட்டாச்சா சம்பந்தி?"

வேலை பார்த்த காலமெல்லாம் ஸ்டாக்கில் ஒரு ஆணியைக்கூடக் கூட்டிச் சொல்லாத மனிதர், வயிற்றைக் கையால் அமுக்கிக்கொண்டு, "ஆச்சுங்க, வயிறு நிறைய" என்றார்.