கொழும்பில் அப்பா தின்ற வடை

வெளிநாட்டுக்குப் போனால் அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடு, இருட்டிய பிறகு தெருவில் சுற்று என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். படித்தால் எனக்குக் கடுப்புதான் வருகிறது. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது தூத்துக்குடி மில்லர்புரத்திலிருந்து கொழும்புக்குப் போனோம். சுற்றுலா என்று அப்பா தெரு முழுக்கச் சொன்னார். பொய். அங்கே கப்பல் கம்பெனியில் வேலை பார்த்த அத்தையை இழுத்துக்கொண்டு வரத்தான் போனார். தன் தங்கையான அவளுக்குச் சாயர்புரத்தில் மாப்பிள்ளை பார்த்து வாக்கும் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசிப்பதுதான் பாக்கி. அத்தையை மட்டும் யாரும் கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இதெல்லாம் அப்போதே என் காதில் விழுந்ததுதான். ஆனால் என் கவனம் முழுக்கத் தட்டின் மேல் இருந்தது.

போன அன்று சாயங்காலம் அத்தை எங்களை ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனாள். உட்கார்ந்ததும், கேட்காமலே ஒருவன் தட்டு நிறைய ரோல், மீன் பன், கட்லெட் என்று கொண்டுவந்து வைத்தான். அப்பா எழுந்துவிட்டார்.

"ஏலே, இதை யாரு கேட்டா? ஆளைப் பார்த்து ஏமாத்துதியா?"

அவனுக்குத் தமிழ் தெரியாது. சிரித்துவிட்டுப் போனான்.

"உக்காருங்கண்ணே," என்றாள் அத்தை. "இங்கன இப்படித்தான். வேணுங்கிறதை எடுத்துத் திங்கலாம். தொடாததைத் திருப்பி எடுத்துட்டுப் போயிருவாவோ. அதுக்குக் காசு கிடையாது."

அப்பா நம்பவில்லை. அம்மா அதைவிட மோசம். முன்னால் வைத்ததை மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை என்று, தின்ன முடியாததை எல்லாம் கைக்குட்டையில் கட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பைக்குள் போனதற்கும் சேர்த்து பில் வந்தது.

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "மதினி, கடையையே சீதனமா கொண்டு போறியளா?"

"சீதனம் கொண்டு போகப்போறது நீதாம்ளா," என்றார் அப்பா. "ஞாயித்துக்கெழமை ஓலை. கெளம்பு."

அத்தை எங்களைக் கடற்கரையோரக் காலிமுகத் திடலுக்கு நடத்திக்கொண்டு போனாள்.

இருட்டியும் அங்கே ஒருத்தரும் வீட்டுக்குப் போகிற மாதிரி தெரியவில்லை. இருட்டுக்குள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். கொத்து ரொட்டிக் கடையில் தகடு அடிக்கிற சத்தம் காதைப் பிளந்தது. பெண்கள் தனியாக வந்து, கடலைப் பார்த்து உட்கார்ந்து தின்றார்கள். அத்தை ஒரு வடை வண்டிக்காரனைச் சிங்களத்தில் திட்டினாள். அவனும் திட்டினான். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். ஊரில் அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பருப்பு வடையின் மேல் முழு இறாலைத் தலையோடு வைத்துப் பொரித்திருந்தான்.

"தூத்துக்குடிக்காரனுக்கு இறாலைக் காட்டுதானாக்கும்," என்று அப்பா ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"எப்படி இருக்குண்ணே?"

"உப்பு கம்மி."

"வடையை யாரு கேட்டா? இந்த ஊரு எப்படி இருக்கு?"

அப்பா வடையை இன்னொரு கடி கடித்தார்.

"நான் வரலண்ணே. ஓலையை நிறுத்தச் சொல்லிருங்க."

"நான் குடுத்த வாக்கு என்னளா ஆவது?"

"எங்கிட்டக் கேட்டா குடுத்திய?"

அம்மா இறால் தலையை மென்றுகொண்டே, "அவ கேக்கது சரிதான," என்றாள். அவள் அப்பாவை எதிர்த்துப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அத்தை பதிலுக்குக் காத்து நின்றாள். அப்பா வண்டிக்காரன் பக்கம் திரும்பி இன்னொரு வடை கேட்டார். அதைத் தின்று முடித்ததும் இன்னொன்று. பிறகும் கை நீட்டினார். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அத்தை இல்லாமல்தான் ஊர் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கவில்லை. கோயில் வாசலில் ஆட்கள் அப்பாவைச் சுற்றி நின்று பயணம் எப்படி என்று கேட்டபோது நான் முந்திக்கொண்டேன்.

"எங்கப்பாவுக்கு அந்த ஊரு இறால் வடைன்னா உசுரு. நிறுத்தவே இல்ல, தின்னுட்டே இருந்தாவோ!"

பெரியவர்கள் பேசும்போது நான் வாயைத் திறந்தாலே அதட்டுகிற மனுஷன், அன்று தலையை ஆட்டி, "ஆமா, நல்ல வடை," என்றார். பிடித்துப்போய்த்தான் தின்றார் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.