கதவில் ஒட்டியிருந்த தாள்

தங்கச்சி அவுஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போன நாளிலிருந்து காலை எட்டு மணிக்கு நான் ஹயருக்கு ஆள் ஏற்றுவதில்லை. மன்னார் பஸ் நிலையத்தடியில் ஓட்டோவை நிறுத்திவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்களுக்கு எட்டு மணி என்றால் அங்கே மத்தியானம் தாண்டி, அவளுக்கு வகுப்புத் தொடங்குகிற நேரம். போய்ச் சேர்ந்ததற்கு ஒரு படம் அனுப்ப வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். கதிரை, யன்னல், வாத்தியாரின் முதுகு, எதுவானாலும் சரி.

"அண்ணா, நான் என்ன சின்னப்பிள்ளை மாதிரி நேசறிக்கே போறன்?" என்பாள். ஆனாலும் அனுப்புவாள்.

என் மனைவிக்கு இது பெரிய பகிடி. "இந்த மனுசனுக்குக் கவலைப்பட ஒண்டும் கிடைக்காட்டி, தாம்போதி ரோட்டில போய் நிண்டு கடல் வத்துதோ எண்டு பார்க்கும். போனில இடமில்லை. அந்தக் கதிரைப் படங்களை அழியுங்கோவன்."

அழித்த பிறகு தேவைப்பட்டால் என்ன செய்வது? நான் அழிக்கவில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இடம்பெயர்ந்த இடங்களில் புத்தகப் பை எங்கே தவறியது என்றுகூட ஞாபகமில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு தங்கச்சியை நான்தான் பார்த்து வளர்த்தேன். அவளாவது படிக்கட்டும் என்பதைத் தவிர எனக்குப் பெரிய யோசனை எதுவும் இருந்ததில்லை.

இரண்டாவது வருடம் அவளுடைய கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அது கடைகளுக்கு மேலே சில மாடிகளில் நடக்கிற தனியார் கல்லூரி. வகுப்புக்கு வந்த நாட்கள் போதாதாம். குடிவரவுக் கந்தோருக்கு அறிவிக்கப் போகிறார்களாம். மறுப்பு இருந்தால் இருபது நாளுக்குள் கல்லூரிக்கே எழுதலாமாம். அறிவித்தால் விசா போய்விடும். விசா போனால் படிப்பும் போய்விடும்.

"நான் ஒரு வகுப்பும் விடேல்லை அண்ணா," என்று அழுதாள். அவளுடைய வாத்தியார் இடையில் வேலையை விட்டுப் போய்விட்டார். இவர்களை இன்னொரு வகுப்போடு சேர்த்து மேல்மாடியில் இருத்தினார்கள். ஆனால் கல்லூரிக் கந்தோரில் பழைய பெயர்ப்பட்டியல்தான் இருந்திருக்கிறது. பழைய அறையில் ஆளில்லை, எனவே அவள் வரவில்லை என்று கணக்கு.

இந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன். "முதல் மன்னிப்புக் கேட்டு எழுது பிள்ளை. பிறகு விசயத்தைச் சொல்லு," என்றேன். நான் பார்த்த எல்லாக் கந்தோரிலும் அப்படித்தான். அடையாள அட்டை எடுக்கப் போனாலும் 'குறை நினைக்காதேங்கோ சேர்' என்றுதான் தொடங்குவோம். சோதனைச் சாவடியிலும் அதுதான். பிழை யாருடையதாக இருந்தாலும் மன்னிப்பு எங்களுடையது. அவள் மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. 'வராத நாட்களுக்கு மன்னிக்கவும், இனி நடக்காது' என்று எழுதித்தான் மற்றதை எழுதினாள்.

கல்லூரியின் பதில் சிறியது. மாணவி தானே ஒத்துக்கொண்டுள்ளார், மறுப்பை ஏற்க முடியாது.

அன்று நான் ஓட்டோவை எடுக்கவே இல்லை. மனைவி பகிடி விடவில்லை. தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள்," என்றாள். அவள் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அந்தப் பதிலின் கடைசி வரியில் ஒரு வழி இருந்ததைத் தங்கச்சிதான் கண்டாள். வெளிநாட்டு மாணவர்கள் தனியார் கல்லூரிகள் மேல் கொடுக்கிற முறைப்பாடுகளைப் பார்ப்பதற்கென்று அங்கே ஒரு கந்தோர் இருக்கிறது. காசு கட்டத் தேவையில்லை.

"முறைப்பாடு குடுத்தால் பழிவாங்க மாட்டினமோ பிள்ளை?"

"அந்தக் கந்தோர் முடிவு சொல்லும்வரைக்கும் இவையள் என்னைப் பற்றிக் குடிவரவுக்கு அறிவிக்கேலாது. இதாவது என்னை என்ர பாட்டில எழுத விடுங்கோ."

விட்டேன்.

சில கிழமைக்குப் பிறகு அந்தக் கந்தோரிலிருந்து ஒரு பெண் அதிகாரி அவளிடம் பேசினார். மன்னிப்புக் கடிதத்தைப் பற்றிக் கேட்டபோது, அண்ணாதான் சொன்னார் என்றிருக்கிறாள். அவள் சம்மதம் எழுதிக் கொடுத்த பிறகு என்னிடமும் பேச நேரம் குறித்தார்கள். உப்புக்குளத்தில் ஒருவரை இறக்கிவிட்டு, வேப்பமர நிழலில் ஓட்டோவுக்குள் இருந்து பேசினேன். மூன்றாவது குரலாக ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். இந்தியத் தமிழ்.

"சார், உங்க தங்கச்சி தப்பு பண்ணலைன்னா ஏன் மன்னிப்புக் கேட்டாங்கன்னு மேடம் கேக்குறாங்க."

"குறை நினைக்காதேங்கோ மேடம்," என்று தொடங்கிவிட்டு என் வாயை நானே பொத்தலாம் போலிருந்தது. "இப்ப நான் சொன்னன் பாருங்கோ, அதே மாதிரித்தான். நான் ஒரு பிழையும் செய்யேல்லை, ஆனா சொல்லிப் போட்டன். எங்கட ஊரில கந்தோருக்கு எழுதினால் அப்பிடித்தான் தொடங்கிறது. அவள் மாட்டன் எண்டவள். நான்தான் எழுத வைச்சனான்."

மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைச் சொன்னார். அதிகாரி சிரித்தாரோ தெரியாது. தான் தங்கச்சியின் பக்கமும் இல்லை, கல்லூரியின் பக்கமும் இல்லை, விதிப்படி நடந்ததா என்று மட்டும் பார்ப்பதாகவும் சொன்னார். எங்கள் பக்கம் இல்லாத ஒருவரிடம் நியாயம் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. பிறகு கேட்டார்: வகுப்பை மாற்றியதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?

தங்கச்சியைக் கேட்டேன். அறிவித்தல் கதவில் ஒட்டிய ஒரு தாள்தான். அதைக் கிழித்துவிட்டார்கள். அவளுடைய பழைய கைபேசியும் பஸ்ஸில் தொலைந்துவிட்டது.

"அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ, தொலைஞ்சதைக் காட்டுவார்," என்றாள் மனைவி. சொல்லிவிட்டு என் கைபேசியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

கதிரை, கதிரை, யன்னல், முதுகு. இருவரும் மத்தியானச் சோற்றை மறந்து தேடினோம். ஒரு படத்தில் மூடிய கதவு. கதவில் ஒரு தாள். எனக்கு அந்த இங்கிலீசு முழுக்கப் புரியவில்லை. ஆனால் நாலு என்ற இலக்கமும் மேலே காட்டுகிற ஒரு அம்பும் புரிந்தன. அன்று வந்தபோது, பிள்ளை கதவடிக்குப் போய்விட்டாள் என்று மட்டும் நினைத்துச் சந்தோசப்பட்டிருந்தேன். அடுத்த நாளிலிருந்து கதிரையின் நிறம் வேறு. அதையும் நான் கவனித்திருக்கவில்லை.

எல்லாவற்றையும் அனுப்பினோம். படம் மட்டும் போதாது, கல்லூரியிடமும் பதிவுகளைக் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு கிழமைக்கணக்கில் ஒன்றும் இல்லை. உயிலங்குளம் போக வேண்டிய ஆளை ஒருநாள் எதிர்த்திசையில் தலைமன்னார்ப் பக்கம் கொண்டுபோய்விட்டேன். "தம்பி, எங்க போறீர்?" என்று அந்த ஐயா முதுகில் தட்டியபோதுதான் விளங்கியது.

கடைசியில் அந்தக் கந்தோரின் முடிவு வந்தது. கல்லூரி இரண்டு வகுப்புகளைச் சேர்த்தபோது பட்டியலை மாற்றவில்லை. வரவு குறைகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கவும் இல்லை. ஆகையால் அவளைப் பற்றிக் குடிவரவுக்கு அறிவிக்கக்கூடாது. படிப்பித்தல் சரியில்லை என்று அவள் முறைப்பாட்டில் எழுதியிருந்ததைத் தாங்கள் அளக்க முடியாது என்று விட்டுவிட்டார்கள். மன்னிப்புக் கடிதத்தைப் பற்றி ஒரு வரி: அதை மட்டும் வைத்து முடிவெடுத்திருக்கக்கூடாது. அந்த வரியைத் தங்கச்சி எனக்காக இரண்டு தரம் வாசித்தாள்.

கல்லூரி பதிவைத் திருத்தியது. மன்னிப்புக் கேட்கவில்லை. பட்டியலை மாற்ற மறந்தவரும் கந்தோரில் வேலை கூடிப்போன யாரோ ஒரு பிள்ளையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வகுப்பு நாள் எட்டு மணிக்குப் படம் வரவில்லை. எட்டரைக்கும் வரவில்லை. இனிப் படம் கேட்பதில்லை என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒன்பது மணிக்குக் குரல் தகவல் வந்தது.

"அண்ணா, வந்திட்டன். படமும் எடுத்தனான். வரவுப் பட்டியலையும் எடுத்தனான். இனி நானே சேர்த்து வைக்கிறன், நீங்கள் நிம்மதியா ஹயர் ஓடுங்கோ."

"நல்லது பிள்ளை," என்று அனுப்பினேன். ஓட்டோவை எடுத்துச் சந்தி வரைக்கும் போனேன். அங்கே நிறுத்தி இன்னொன்றும் அனுப்பினேன்.

"எனக்கும் ஒண்டு அனுப்பிவிடு. போனில இடமிருக்கு."