அம்மா கோயிலடியில்தான் இருக்கிறாள்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பயப்படுவதற்குப் படிப்புத் தேவையில்லை என்பதால் அதில் மட்டும் கெட்டிக்காரனாகிவிட்டேன். கண்டி டவுனில் ஆணி, பூட்டு, பெயின்ட் விற்கும் கடையில் வேலை. வத்தேகமவில் வாடகை வீடு. காலை பஸ் மடவளையைத் தாண்டுவதற்குள் கேஸ் அடுப்பை மூடினோமா, தண்ணீர்க் குழாயைத் திருகினோமா என்று சந்தேகம் தொடங்கிவிடும். தையல் வேலைக்குப் போயிருக்கும் மனைவிக்குப் போன் எடுப்பேன்.

"எல்லாத்தையும் மூடியாச்சு. ஒங்க வாயத்தான் மூட முடியல" என்பாள்.

அப்பா இறந்த பிறகு அம்மா எங்களோடு வந்து சேர்ந்தாள். ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தே வயசானவள். முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக அவளிடமிருந்து கழன்றுபோனார்கள். முதலில் என் மனைவியின் பெயர் போனது. அப்புறம் அப்பா செத்த செய்தி போனது. "ஒங்கப்பா இன்னும் வரல?" என்று கேட்கும்போதெல்லாம் நாங்கள் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது, அவள் புதிதாக அழுதாள். கடைசியில் "வேலைக்குப் போயிருக்காரும்மா" என்று சொல்லப் பழகிக்கொண்டோம். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

பகலில் அவளோடு இருக்க ஆள் இல்லை. இரண்டு பேரில் ஒருவர் வேலையை விட்டால் வாடகை கொடுக்க முடியாது. அவள் வெளியே போவது ஒரே இடத்துக்குத்தான்: எங்கள் வீட்டு ஒழுங்கை முடிவிலிருக்கும் பிள்ளையார் கோயில். மண்டபத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருவாள். திரும்பி வர மறந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படித்தான் ஒரு போன் வாங்கினேன். போன் கடையில் சொல்லி, அது எங்கே இருக்கிறதென்று என் போனில் தெரியும்படி செய்வித்தேன். மனைவி துணியில் ஒரு பை தைத்து, நீள வார் வைத்து, அம்மாவின் தோளில் குறுக்காகப் போட்டுவிட்டாள். அடித்தால் எடுக்க அம்மாவுக்குத் தெரியாது. எடுக்கவும் தேவையில்லை. அது அவள்மேல் கிடந்தால் போதும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று நான் வரைபடத்தில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சின்ன நீலப் புள்ளி. வீடு. கோயில். வீடு.

"உம்மா எங்க ஈக்கிறா?" என்று எங்கள் முஸ்லிம் முதலாளி கேட்பார்.

"கோயிலடியில, மொதலாளி."

"புள்ளையார் பாத்துக்குவார். நீ அந்த ரெண்டிஞ்சி ஆணிய நிறுத்துக் குடு, அந்த மனுசன் நிண்டு நிண்டே துருப் புடிக்கப் போறான்."

கடையில் எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். என் பயம் அடங்கியிருந்த காலம் அது. பஸ்ஸில் தூங்கக்கூடத் தொடங்கினேன்.

அந்த நாளில் புள்ளி காலையிலேயே கோயிலடிக்குப் போய்விட்டது. மத்தியானம் பார்த்தேன், அங்கேதான் இருந்தது. பிறகு கண்டியில் மழை கொட்டத் தொடங்கியது. வேறு நாளாக இருந்தால் அரை நாள் லீவு கேட்டு ஓடியிருப்பேன். போனைப் பார்த்தேன். புள்ளி அசையவில்லை. மண்டபத்துக்குக் கூரை இருக்கிறது, நனையமாட்டாள் என்று ஒரு தேத்தண்ணி குடித்தேன். மனைவி வேலை விட்டுப் போய் வீட்டில் அம்மா இல்லையென்று போன் எடுத்தபோதும், "பதறாத, கோயில்லதான் இருக்காங்க, நான் வர்ற வழியில கூட்டிட்டு வாறேன்" என்று சொன்னேன். நான்தான் அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் கோயிலுக்குப் போனேன். மண்டபத்தில் யாருமில்லை. அம்மாவின் போனுக்கு அடித்தேன். கோயிலுக்குப் பின்னாலிருந்து மணி கேட்டது. ஓடினேன். ஒரு முள்முருங்கைக் கொப்பில் அந்தத் துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. வாரை இரண்டு சுற்றுச் சுற்றி, விழாதபடி ஒழுங்காக மாட்டியிருந்தாள். பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே போன் அடித்துக்கொண்டேயிருந்தது.

கண்டவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. தேயிலை மலையில் கொழுந்து எடுப்பவர்கள் சோற்றுப் பையோடு செடி நிரைக்குள் இறங்க மாட்டார்கள். தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் படங்குச் சாக்கு. அதற்குமேல் பையும் தொங்கினால் தேயிலையில் சிக்கும், கை ஓடாது. நிரையின் தலைப்பில் ஒரு மரக் கொப்பில் மாட்டிவிட்டு இறங்குவார்கள். சின்ன வயசில் அம்மாவைத் தேடி மலைக்குப் போனால் நான் முதலில் பையைத்தான் தேடுவேன். பை தொங்கினால் அம்மா கீழே எங்கேயோ இருக்கிறாள். மரத்தடியில் நின்று கத்தினால் குரல் கொடுப்பாள்.

கோயிலுக்குப் பின்னால் யாரோ கைவிட்ட தேயிலைக் காணி ஆளுயரம் வளர்ந்து சரிவு முழுவதும் இறங்கிக் கிடக்கிறது. எங்களுக்கு அது காடு. அவளுக்கு அது மலை. மரத்தடியில் நின்று "அம்மா" என்று கத்தினேன். மழைச் சத்தம்தான் வந்தது.

அயலிலிருந்து சிங்களவர்களும் எங்கள் ஆட்களும் டோர்ச் எடுத்துக்கொண்டு வந்தார்கள். விடிந்த பிறகுதான் அவள் கிடைத்தாள். தேயிலைக்கு நடுவில் பழைய தண்ணீர்க் கானொன்றுக்குள் சரிந்து கிடந்தாள். இடுப்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது. சேலை மடி நிறையக் கொழுந்து. முற்றிய இலை ஒன்றுகூட அதில் இல்லை.

அந்த நாளைப் பிறகு ஒரு தடவை போனில் திருப்பிப் பார்த்தேன். காலை முதல் மாலை வரை அம்மா கோயிலடியில் இருந்ததாகவே அதில் இருக்கிறது. யார் பார்த்தாலும் அப்படித்தான் காட்டும். அது பொய்யும் சொல்லவில்லை, பை இருந்த இடத்தைச் சொல்கிறது. பயந்துகொண்டிருந்த என்னையே நான் நம்பியிருக்கலாம். உபயோகமில்லாத குணம் என்று எல்லாரும் சிரித்த குணம், ஒரே ஒருநாள் தேவைப்பட்டபோது தூங்கிவிட்டது.

கண்டி ஆஸ்பத்திரியில் அம்மா படுத்திருந்தாள். கைகள் மட்டும் நிற்கவில்லை. போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளிப் பின்னால் போட்டுக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றதும் எழும்பப் பார்த்தாள்.

"கங்காணி ஐயா, மழைக்குத்தான் ஒதுங்குனேன். அரப்பேரு போட்றாதீங்க."

தோட்டத்தில் பேர் என்பது ஒருநாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் கங்காணி அரைப்பேர்தான் போடுவார்.

"அம்மா, நாந்தாம்மா."

"ஒங்களத் தெரியாதா? வெள்ளன வந்து நிரை புடிச்சவ நான். கேட்டுப் பாருங்க."

என் மனைவி பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தாள். "சொல்லுங்க. அவங்க கேக்குறதச் சொல்லுங்க."

"முழுப்பேரு போட்டாச்சு" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "பொய்யி. மூஞ்சியே காட்டுது" என்றாள். மறுபடி கிள்ளத் தொடங்கினாள்.

அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அங்கிருந்து வீட்டுக்கு வரவேயில்லை. அவள் என்னை மகனாகத் திரும்பக் கூப்பிடுவாள் என்று ஒவ்வொரு நாளும் பார்வையாளர் நேரத்துக்கு முன்பே போய் வாசலில் நின்றேன். கூப்பிடவில்லை. கங்காணியாகவே பக்கத்தில் நின்று தினமும் முழுப்பேர் போட்டேன். அவள் கண் திறக்காத கடைசி நாளிலும் குனிந்து காதில் சொன்னேன், போட்டாச்சென்று.