சோதி அண்ணனின் கோப்பி மெஷின்

பக்கத்து வீட்டுச் சோதிலிங்கம் அண்ணன் நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து ஆள். இளவயதில் மாற்றலாகிக் கண்டிக்கு வந்தார். ஹந்தானைக்குப் போகிற பாதையின் அடிவாரத்தில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் முதலில் வாடகைக்கு இருந்தார். பிறகு அதையே விலைக்கு வாங்கி, அங்கேயே தலை நரைத்துப் போனார். ஒரு தபாலுறையில் முத்திரை ஒட்டுவதென்றாலும் அடிமட்டம் வைத்துப் பார்க்கிற மனிதர். அந்த ஒழுங்குதான் கடைசியில் அவரைப் பொலிசில் மாட்டிவிட்டது.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அவருடைய கதிரை மேசைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எண்பத்து மூன்றில் அலுமாரியையும் ரேடியோவையும் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். இரண்டு தடவையும் அவரும் மனைவி கமலாசனி அக்காவும் எங்கள் வீட்டு வெங்காய அறையில்தான் ஒளிந்திருந்தார்கள். இரண்டாவது தடவை கையில் அவர்களுடைய குழந்தை வதனியும் இருந்தாள். அவள் அழும்போதெல்லாம், வெளியே கேட்காதிருக்க, என் உம்மா குசினியில் அம்மியை உருட்டிக்கொண்டே இருந்தார். அரைப்பதற்கு ஒன்றுமில்லாமல் வெறும் அம்மி. அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுக்கு நல்ல சாமான் எதுவும் வாங்கியதில்லை. "வாங்கி என்ன, அவங்கள் வந்து கொண்டுபோகவோ?" என்பார். பிளாஸ்டிக் கதிரை, தகர அலுமாரி, அவ்வளவுதான்.

வதனி வளர்ந்து, கலியாணம் கட்டி நோர்வேக்குப் போனாள். அனுப்பி வைத்தார்கள் என்றால்தான் சரி. சண்டை மறுபடி தொடங்கிய காலத்தில் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளையைக் கொழும்புக்கும் கண்டிக்கும் பஸ்ஸில் விட எந்தத் தாய்க்குத்தான் நெஞ்சு வரும்? அங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை. இரவு வேலை முடிந்து ஞாயிறு காலை வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவுக்குப் போன் எடுப்பாள். நமக்கு அது பகல்.

அவள்தான் அந்தக் கோப்பி மெஷினை அனுப்பினாள். கறுப்பு நிறம், ஒரு சின்னப் பூனை குந்தியிருக்கிற அளவு. சின்ன வெள்ளிக் குப்பி மாதிரி ஒன்றுக்குள் கோப்பித் தூளை அடைத்து மூடியிருப்பார்கள். அதை மெஷினுக்குள் போட்டு, பிடியை அழுத்தி மூடி, பொத்தானைத் தட்டினால் கிர்ரென்று வீடே அதிரும். பிறகு அரைக் கோப்பை கோப்பி சொட்டும். ஒரு குப்பி ஒரு ஆளுக்குத்தான். வீட்டில் நாலு பேர் இருந்தால், நாலாவது ஆளின் கைக்குக் கோப்பி வரும்போது முதலாவது ஆள் குடித்துக் கோப்பையைக் கழுவியும் வைத்திருப்பார்.

"அரைக் கோப்பைக்கு இவ்வளவு ஆரவாரம்!" என்று கமலாசனி அக்கா சிரிப்பார். அவருக்கு இஞ்சி தட்டிப்போட்டுக் கேத்தலில் கொதிக்கிற கோப்பிதான் கோப்பி. உண்மையைச் சொன்னால் அண்ணனுக்கும் அதுதான் பிடிக்கும். எனக்கு இரண்டும் பிடிக்காது, நான் தேத்தண்ணிக்காரி.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த மெஷின் கட்டாயம் ஓட வேண்டும். போனில் வதனி முதலில் கேட்பதே அதுதான்: "அப்பா, கோப்பி போடுங்கோ, நான் கேக்கிறன்." அண்ணன் ரிசீவரை மெஷினுக்குப் பக்கத்தில் பிடிப்பார். கிர்ர். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு எல்லாம் சரி. வீடு இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, அப்பா அம்மா இருக்கிறார்கள். பிறகுதான் அவள் போய்ப் படுப்பாள். வாயால் நூறு தரம் "ஒரு பிரச்சினையும் இல்லைப் பிள்ளை" என்று சொன்னாலும் நம்பமாட்டாள். வெங்காய அறையில் வளர்ந்த பிள்ளை, வேறெப்படி இருக்கும்?

அவள் அனுப்பிய குப்பிகள் முடிந்தன. கண்டிக் கடைகளில் அந்தச் சாமான் இல்லை. இன்னும் அனுப்பச் சொன்னால் பிள்ளைக்கு வீண் செலவு என்று அண்ணன் வாய் திறக்கவில்லை. பாவித்த குப்பிகளைக் கழுவி ஜன்னலில் காயவைத்தார். நம்முடைய கோப்பித் தூளை அடைத்தார். பால்மா பைக்கற்றின் உட்புறத்து வெள்ளித் தாளில் கவராயத்தால் வட்டம் போட்டு, வெட்டி, விளிம்பை மடித்து, பசை தடவி மூடினார். முதலில் எல்லாம் ஒழுகி மேசை நாறியது. தூளைக் கொஞ்சம் கரடாக அரைத்த பிறகுதான் சரிவந்தது. கடைசியில் அவர் செய்தது எது, வெளிநாட்டில் செய்தது எது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி செய்துவிட்டார்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, கண்டியில் பெரஹரா ஊர்வலம் நடக்கிற காலம். ஒரு சனிக்கிழமை இடி விழுந்ததில் மெஷின் செத்துப்போனது. அடுத்த நாள் வதனிக்குக் கரண்ட் இல்லை என்று சொல்லிச் சமாளித்தார்கள். அவள் விடவில்லை. "அம்மா, எனக்கென்னவோ மனம் சரியில்லை. வாற ஞாயிறும் சத்தம் கேக்காட்டி நான் ப்ளேன் ஏறி வந்திடுவன்," என்றாள்.

வந்திடுவாள். அவள் சொன்னால் செய்கிறவள். வெளிநாட்டிலிருந்து இறங்குகிற தமிழ்ப் பிள்ளைகளை விமான நிலையத்திலிருந்தே கேள்வி கேட்டுக் கொண்டுபோகிற நாட்கள் அவை. ஆகவே வியாழக்கிழமை காலை அண்ணன் மெஷினை ஒரு பையில் போட்டார். ஓட்டிப் பார்ப்பதற்கென்று தான் அடைத்த குப்பிகளையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் அடுக்கினார். டவுனில் ரேடியோ திருத்துகிற முஹம்மதுவின் கடைக்குப் போக பஸ் ஏறினார்.

பெரஹராவுக்கென்று டவுனில் மூலைக்கு மூலை பை சோதிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். சோதனையிலேயே காலம் கழித்தவர். தன் பையில் இருப்பது கோப்பிதானே என்று நினைத்திருக்கிறார். பையைத் திறந்த பொலிஸ்காரனுக்குத் தெரிந்தது வேறு: வயர் தொங்குகிற கறுப்புப் பெட்டி ஒன்று, தூள் அடைத்து வெள்ளித் தாளால் மூடிய குப்பிகள் ஒரு தகரம், அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்தில் பிறந்த சோதிலிங்கம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வீதியை மூடி, ஆட்களைக் கலைத்து, அண்ணனை நிலத்தில் குந்தவைத்தார்கள்.

செய்தி வந்ததும் அக்காவும் நானும் ஓட்டோ பிடித்துப் பொலிசுக்குப் போனோம். வாங்கில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தோம். நான் மனையியல் படிப்பித்த டீச்சர், பொறுமை என் தொழில். ஆனாலும் அந்த வாங்கில் எனக்குப் பொறுமை அறுந்துபோயிற்று. எத்தனை வருஷம் இதே வாங்கு! ஒரு முறை எங்கள் வாப்பா இவர்களுக்காக இதே மாதிரி ஒரு வாங்கில் இருந்தார். அவர் மௌத்தாகி, இப்போது நான். கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை குண்டு பார்க்கிற ஆட்கள் வந்து குப்பிகளை உடைத்தார்கள். உள்ளே கோப்பி. மோந்தார்கள், கோப்பி. ஒருவன் நாக்கில் வைத்தும் பார்த்தான். முஹம்மதுவும் பயந்து பயந்து வந்து, இந்த ஐயா தன்னிடம் அயன் பெட்டி திருத்த வருகிறவர்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தோடு விடுவார்கள் என்று நினைத்தோம். விடவில்லை.

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, ஓ.ஐ.சி., எங்களைக் கூப்பிட்டார். அந்த அறையில் பேச்செல்லாம் சிங்களத்தில்தான். கத்தவில்லை, களைத்த மனிதர், மூன்று நாள் சவரம் செய்யாத முகம். "நோனா, கோப்பி என்று நாங்களும் பார்த்துவிட்டோம். ஆனால் கோப்பி குடிக்கிற மனிதன் கேத்தலில் போட்டுக் குடிப்பான். கவராயம் வைத்து வெட்டி, பசை போட்டு மூடி, இவ்வளவு பாடுபடுவது எதற்கு? அதைத்தான் கேட்கிறோம். உங்கள் புருஷன் வாயே திறக்கிறாரில்லை," என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் சொல்லமாட்டார் றலியா. சொன்னா வதனியின்ர பேர் வரும். வெளிநாட்டில பிள்ளை எண்டா, காசு அனுப்புறவள், இயக்கத்துக்குக் குடுக்கிறவள் எண்டு எழுதிப்போடுவாங்கள். பிறகு அவள் இந்த நாட்டில கால் வைக்கேலாது."

"சொல்லாட்டி இவர விடமாட்டாங்க அக்கா," என்றேன். "ஞாயித்துக்கெழம போன் வரும். அப்பா எங்கன்னு கேட்டா என்ன சொல்லப்போறீங்க? அவ வந்து எறங்கினா நேரா இங்கதான் கொண்டுவருவாங்க."

அக்கா அன்றிரவு தூங்கியிருக்கமாட்டார். சனிக்கிழமை காலை ஓ.ஐ.சி.யின் மேசைக்கு முன்னால் நின்று நல்ல சிங்களத்தில் சொன்னார், கல்விக் கந்தோரில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து பேசிய சிங்களம்: "என் மகள் நோர்வேயில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாள். இந்த மெஷினின் சத்தம் கேட்டால்தான் நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்று நம்புவாள். சத்தத்துக்குத்தான் மாத்தயா. கோப்பிக்கு இல்லை."

ஓ.ஐ.சி. பேனையை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அக்கா சொன்னார். பிறகு பேனையை எடுத்து, மகளின் முழுப் பெயர் என்ன, எந்த ஊர், என்ன விலாசம் என்று கேட்டார். அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் குரல் இறங்கிக்கொண்டே போனது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, பெற்ற பிள்ளையைத் தன் கையால் பிடித்துக் கொடுப்பது போலிருந்தது. அந்த மனிதரை எனக்கு வெறுக்கவும் வரவில்லை, மன்னிக்கவும் வரவில்லை.

பின்னேரம் அண்ணனை விட்டார்கள். மெஷினைப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். அது போனது போனதுதான்.

அடித்தார்களா என்று நான் கேட்கவில்லை. உடம்பில் காயம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பேச்சு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தார், குளித்தார், பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். அக்கா வதனியின் பெயரைக் கொடுத்துவிட்டதைச் சொல்லி அழுதபோதும் அவர் வாய் திறக்கவில்லை. அக்காவின் தலையில் கையை வைத்தார், அவ்வளவுதான். நான் கொடுத்தனுப்பிய சோறு அப்படியே திரும்பி வந்தது.

ஞாயிறு பகல் இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு போனேன். வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் போன் அடித்தது. அக்கா ரிசீவரை எடுத்து, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கர் பொத்தானை அமத்தினார்.

"அம்மா, சுகமா இருக்கிறியளோ? அப்பா எங்க? கோப்பி இன்னும் போடேல்லையோ?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். மெஷின் இருந்த இடத்தில் துணி விரிப்பு மட்டும் கிடந்தது, நடுவில் கோப்பிக் கறை.

"இப்பதான் போடப் போறார் பிள்ளை," என்றார் அக்கா.

மிக்ஸியைப் போடுவோமா என்று கையால் சைகை காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். மிக்ஸிக்கும் மெஷினுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளையா அவள்?

"அம்மா? என்ன சத்தத்தைக் காணேல்ல? அங்க ஏதும் பிரச்சினையோ?"

அண்ணன் எழும்பினார். மெல்ல வந்து, அலுமாரியிலிருந்து கோப்பை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ரிசீவரை அக்காவின் கையிலிருந்து வாங்கி வாய்க்குக் கிட்டப் பிடித்தார். நாக்கை மேலண்ணத்தில் தட்டி டக்கென்று பிடி மூடுகிற ஓசை எழுப்பினார். பிறகு தொண்டைக்குள்ளிருந்து கிர்ர்ர் என்று தொடங்கினார். ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, மூச்சு முட்ட முட்ட நீட்டினார். கடைசியில் உதட்டால் சொட்டுச் சொட்டாக விட்டார். முகமெல்லாம் கண்ணீர். ஆனால் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. வரைபடக்காரனுடைய சத்தம். நான் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். எனக்கு உம்மாவின் அம்மிதான் ஞாபகம் வந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து வதனியின் குரல் வந்தது.

"அப்பா, மெஷின் கொஞ்சம் இழுக்குது. வினாகிரி விட்டு ஒருக்காக் கழுவுங்கோ."

"ஓம் பிள்ளை." பொலிசிலிருந்து வந்த பிறகு அண்ணன் பேசிய முதல் வார்த்தை அது. "கழுவுறன்."

"சரி, குடியுங்கோ. ஆறப் போகுது."

அவளுக்குத் தெரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு ப்ளேன் ஏறுகிற பேச்சை அவள் எடுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவிடம் கோப்பி போடச் சொல்வதை அவள் விடவும் இல்லை, அண்ணன் ஒருநாளும் போடாமல் இருந்ததும் இல்லை.

அன்றைக்கு அண்ணன் அந்த வெறும் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்து, அவளுக்குக் கேட்கும்படியாக ஒரு மிடறு உறிஞ்சினார்.

"நல்ல சூடு," என்றார்.