ஜன்னல் சீட்

தாம்பரத்தில் நான் கீமோவுக்குப் போன மருத்துவமனையில், பொழிச்சலூர்க்காரர் ஒருவர் நாற்காலியில் இடம் பிடிப்பார். வார்டு கதவு திறந்ததும், பஸ்ஸுக்குள் துண்டு எறிவதுபோல, ஜன்னலோர நாற்காலியைக் குறிவைத்து வாசலிலிருந்தே கட்டம் போட்ட கைக்குட்டையை வீசுவார். குறி தப்பியதே இல்லை. புருவம்கூட உதிர்ந்துபோன முகத்தில் சீட் பிடித்த பெருமை மட்டும் மிச்சமிருக்கும்.

ஜன்னலுக்கு வெளியே இருந்தது ஒரு ஜெனரேட்டர்.

"அங்க என்ன சார் பாக்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாக்குறதுக்கா சார்? வாந்தி வர்ற பயணம். ஜன்னல் சீட்தான் சேஃப்டி."

ஏசி அறை. அந்த ஜன்னல் திறக்கவே திறக்காது.

சிகிச்சை முடிந்த அன்று, நாக்கில் ருசியே இல்லாத எங்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்துவிட்டுக் கிளம்பினார். கைக்குட்டை நாற்காலியிலேயே கிடந்தது. கூப்பிட்டுச் சொன்னேன்.

"இருக்கட்டும் சார். திரும்பி வர்ற மாதிரி ஆச்சுன்னா, நின்னுகிட்டா மருந்து ஏத்திக்கிறது?"

அடுத்த வாரம் புதிதாக வந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரப் போனார்.

"ஆள் வராங்க!" என்று நர்ஸ் உட்பட எல்லோரும் ஒரே குரலில் தடுத்தோம், அந்த ஆள் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டே.